குதிரை ட்ரெய்லர் இழுக்க எஃப்-150க்கு என்ன டயர்? பத்து பிளை போட்டே ஆகணுமா?

தம்பி கேட்டத முதல்ல சுருக்கமா சொல்லிடறேன், அப்பதான் நான் சொல்றது மத்தவங்களுக்கும் புரியும். ஹூஸ்டனுக்கு மேற்கால இருக்காரு, 2018 ஃபோர்ட் எஃப்-150 பிக்கப் வண்டி, நாலு கதவு, 4x4, 18 இன்ச் ரிம்மு. வண்டியோட வந்த டயர் 58,000 மைல் ஓடி பட்டன் தேஞ்சு போச்சு. பொண்ணு ரைடிங் கிளாஸ் போயிட்டிருந்தவ, இப்ப சொந்தக் குதிரை வாங்கியாச்சு, கூடவே ரெண்டு குதிரை ஏத்துற பம்பர் புல் ட்ரெய்லர் (வண்டி பின்னாடி பம்பர் பக்கம் மாட்டி இழுக்குறது) ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கியாச்சு. டயர் கடைக்காரர் "ட்ரெய்லர் இழுக்கப் போறீங்கன்னா பத்து பிளை ஆல் டெரெய்ன் போட்டே ஆகணும்"ங்கறாரு (பிளைங்கறது டயரோட பலத்துக்கு ஒரு கணக்கு, கீழ சொல்றேன்), ஆபீஸ்ல ஒருத்தர் "அதெல்லாம் வேஸ்ட், கம்பெனி போட்டு விட்ட மாதிரியே போடு"ங்கறாரு. யார் சொல்றது சரி அக்கா, எந்த பிராண்டு வாங்கட்டும்னு கேட்டிருக்காரு. கடைசில வெள்ளை எழுத்து பத்தி ஒரு கேள்வி வேற, அதுக்கும் வர்றேன்.

நான் மெக்கானிக் இல்ல தம்பி. ஹூஸ்டன் கிட்ட வாலர்ங்கற ஊர் பக்கம் ஒம்போது வருஷமா ரெண்டு குதிரை வச்சிருக்கேன், ஒண்ணு செவலை, இன்னொண்ணு கருப்பி, ரெண்டையும் நானே இழுத்துட்டுப் போறேன், முதல்ல உங்கள மாதிரியே ஹாஃப் டன்னு சொல்ற சின்ன ரக பிக்கப்ல, இப்ப அதுக்கு அடுத்த ரகமான முக்கால் டன்ல. பண்ணாத தப்பு இல்ல. அதனால சொல்றேன், பிராண்டு கேள்வி கடைசிக் கேள்வி. முதல் கேள்வி பின்னாடி ஆக்சில் மேல எத்தன பவுண்டு உக்காரப் போகுது, ரெண்டாவது அந்த டயர்ல எத்தன பிஎஸ்ஐ காத்து வைக்கப் போறீங்க. இந்த ரெண்டும் சரியா இருந்தா சுமாரான டயர் கூட கைவிடாது, இது தப்பா இருந்தா எவ்வளவு காசு குடுத்து வாங்குனாலும் ஆட்டம்தான்.

கணக்கு போட்டுருவோம். உங்க மாதிரி ட்ரெய்லர், முன்னாடி ட்ரெஸ்ஸிங் ரூம் ஒண்ணு வச்சது, காலியாவே 3,400 பவுண்டு வரும்னு வைங்க. குதிரை ஒண்ணு 1,100ன்னா ரெண்டுக்கு 2,200. சேணம், புல்லுக்கட்டு, தண்ணி (இருபது கேலன் தண்ணியே 166 பவுண்டு, அத யாரும் கணக்குல எடுக்கறதில்ல), அது இதுன்னு ஒரு 400. ஆக 6,000. இதுல பம்பர் புல்லுக்கு பத்துலேர்ந்து பதினஞ்சு பர்சன்ட் ஹிட்ச் (ட்ரெய்லர வண்டியோட மாட்டுற கொக்கி) மேல உக்காரணும், பன்னெண்டுன்னு வச்சா 720 பவுண்டு. இப்ப கவனிங்க, அந்த 720 பின் சக்கரத்து மேல நேரா உக்காரல, பின் ஆக்சிலுக்கு ஒரு 50 இன்ச் பின்னாடி தொங்குது. ஏத்தம் மாதிரிதான், வால் பக்கம் அமுக்குனா மூக்கு தூக்கும். உங்க வண்டி வீல்பேஸ் 145 இன்ச், அப்ப 720ஐ 50ஆல பெருக்கி 145ஆல வகுத்தா சுமார் 248, அவ்வளவு பவுண்டு முன் ஆக்சில விட்டு எழுந்து பின்னாடி போய் உக்காந்துக்கும். ஆக பின் டயர் ரெண்டுக்கும் கூடுதலா வர்றது 720 இல்ல, 968. முன்னாடி லேசாயிடும், ஸ்டீயரிங் மிதக்குற மாதிரி இருக்கும். வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் போட்டா அந்த 248ல பெரும்பகுதிய திரும்ப முன்னாடி தள்ளலாம். உங்ககிட்ட அது இருக்கான்னு சொல்லல, இல்லைன்னா டயருக்கு முன்னாடி அத வாங்குங்க.

இன்னொண்ணு, டிரைவர் கதவத் திறந்தா மஞ்சள் ஸ்டிக்கர் ஒண்ணு இருக்கும், ஆளும் சாமானும் சேந்து இத்தன பவுண்டுக்கு மேல போகக்கூடாதுன்னு. ஹாஃப் டன் வண்டிங்கள்ல அது பெரும்பாலும் 1,500, 1,700ன்னு இருக்கும். ஹிட்ச் மேல 720, ஹிட்ச் சாமானே 80, நீங்க நாலு பேர் 520, பின்னாடி பெட்ல போடுற மூட்டை முடிச்சு 150, கூட்டிப் பாருங்க, 1,470 ஆச்சு. விளிம்புல நிக்குறீங்க. பத்து பிளை போட்டா வண்டி இன்னும் ஜாஸ்தி தாங்கும்னு கடைல சொல்வாங்க, தாங்காது. ஸ்பிரிங், ஆக்சில், பிரேக் எல்லாம் அதேதான், டயர் மட்டும் தடிச்சா ஸ்டிக்கர் மாறாது.

சரி டயருக்கு வருவோம். இப்ப போட்டிருக்குற டயர்ல சைடு வால்ல பி 275/65 ஆர்18 116டின்னு இருக்கணும், நிறைய 18 இன்ச் எஃப்-150ல அதான் வரும். முன்னாடி இருக்குற "பி"ங்கறது பாசஞ்சர் டயர். 116ங்கறது லோடு இண்டெக்ஸ், அதாவது ஒரு டயர் எவ்வளவு தாங்கும்னு சொல்ற குறியீடு, அதுக்கு 1,250 கிலோ, நம்ம கணக்குல 2,756 பவுண்டு. ஆனா கார் டயர லாரி மாதிரி வண்டில போட்டா அந்த நம்பர 1.1ஆல வகுக்கணும்னு அமெரிக்க விதி, அப்ப 2,505. ரெண்டு டயருக்கு 5,010. உங்க பின் ஆக்சில் ரேட்டிங் கதவு ஸ்டிக்கர்ல 3,800ன்னு போட்டிருந்தா, பி டயரே தேவைக்கு மேல ஆயிரத்துச் சொச்சம் பவுண்டு தாங்குது. ஆபீஸ் நண்பர் சொன்னது இதான், பேப்பர்ல அவர் சொன்னது தப்பில்ல.

கடைக்காரர் சொல்ற டயர் எல்டி 275/65 ஆர்18 123/120, லோடு ரேஞ்ச் ஈ. எல்டின்னா லைட் டிரக். 123ன்னா 80 பிஎஸ்ஐல 3,415 பவுண்டு. பத்து பிளைன்னு சொல்றாங்களே, உள்ள பத்து அடுக்கெல்லாம் இல்ல, பழைய பஞ்சு நூல் காலத்துக் கணக்கு, பேரு மட்டும் நின்னு போச்சு. லோடு ரேஞ்ச் "சி"ன்னா ஆறு பிளை 50 பிஎஸ்ஐ, "டி"ன்னா எட்டு பிளை 65, "ஈ"ன்னா பத்து பிளை 80, அவ்வளவுதான் அதுக்கு அர்த்தம்.

இங்கதான் எல்லாரும் மாட்டிக்கிறாங்க, நானும் மாட்டுனேன். அதே சைஸ் எல்டி டயர் 50 பிஎஸ்ஐல தாங்குறது 2,535 பவுண்டு. பி டயர் 35 பிஎஸ்ஐல தாங்குறது 2,505. அதாவது பி டயர் 35ல செய்யுற வேலைய எல்டி டயர் செய்யணும்னா கிட்டத்தட்ட 50 காத்து வேணும். சைடு வால் தடிமன்தான், ஆனா சுமைய தூக்குறது ரப்பர் இல்ல, உள்ள இருக்குற காத்து. அதே எல்டில 35 வச்சா கிட்டத்தட்ட 2,000 பவுண்டுதான் தாங்கும், ரெண்டுக்கு 4,000, உங்க ஆக்சில் 3,800, மிச்சம் எவ்வளவுன்னு பாத்துக்கங்க. பழைய டயர விட வீக்கான டயர ஜாஸ்தி காசு குடுத்து வாங்குன கதைதான்.

என் கதையச் சொல்றேன். பழைய வண்டிக்கு முதல் தடவை பத்து பிளை போட்டேன், கடைல கதவு ஸ்டிக்கரப் பாத்து 35 அடிச்சு அனுப்பிட்டாங்க, நானும் தடி டயர் போட்டாச்சுங்கற தைரியத்துல மறுநாள் காலைல ரெண்டு குதிரையும் ஏத்திக்கிட்டு 290 ஹைவேல பிரன்ஹாம் கிளம்பிட்டேன். ஒவ்வொரு பதினெட்டு சக்கர லாரி தாண்டிப் போகும்போதும் வண்டியோட பின்பக்கம் இடுப்ப ஒடிச்சு ஒடிச்சு நடக்குற மாதிரி ஒரு நெளிசல், நான் ஸ்டீயரிங்க திருப்பவே இல்ல, ஆனா வண்டி போகுது. பின்னாடி செவலை டொக்கு டொக்குன்னு தரைய உதைக்கிறான், குதிரை கட்டிப் போட்ட சரக்கு இல்ல பாருங்க, வண்டி இடது பக்கம் சாஞ்சா அது வலது பக்கம் கால அகட்டி ஊனும், அந்த ஊனுறதே அடுத்த ஆட்டத்த ஆரம்பிச்சு வைக்கும், 1,100 பவுண்டு ஆள் நின்னுக்கிட்டு ஆடுறான்னு நெனச்சுப் பாருங்க. ஹெம்ஸ்டட்ல ஓரங்கட்டி டயர தொட்டுப் பாத்தா முன் டயர விட பின் டயர் நல்லா சூடு. கேஜ் வச்சா 39, அதுவும் சூட்டுல. பங்க்ல பின்னாடி 60 ஏத்துனேன், அதுக்கப்புறம் அதே ரோடு, அதே காத்து, அதே குதிரை, வண்டி தண்டவாளத்துல போற மாதிரி போச்சு. டயர் மாறல, 21 பிஎஸ்ஐ மாறுச்சு.

அப்ப உங்களுக்கு எது? மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை, முப்பது நாப்பது மைல், ட்ரெயினர் பண்ணைக்குப் போய் வர்றது மட்டும்னா நல்ல பி டயரே போதும், கிடைச்சா எக்ஸ்ட்ரா லோடுன்னு எழுதுனது வாங்குங்க, இழுக்குற அன்னிக்கு சைடு வால்ல போட்டிருக்குற மேக்சிமத்த தாண்டாம கொஞ்சம் ஏத்திக்கங்க. வார வாரம் ஷோ, சான் ஆன்டோனியோ, டைலர்னு தூரத்து ஊருக்குப் போறதுன்னா எல்டி. அதுலயும் உங்க சைஸ்ல லோடு ரேஞ்ச் சி கிடைச்சா அதப் பாருங்கன்னுதான் நான் சொல்வேன், ஃபோர்டே சில எஃப்-150ல கம்பெனிலேர்ந்து அத போட்டுத்தான் விட்டான். 50 பிஎஸ்ஐ, 2,535 பவுண்டு, சைடு வால் பி டயர விட விறைப்பு, ஈ அளவுக்கு கட்டை வண்டி மாதிரி குலுக்காது. ஈ டயர் ஒவ்வொண்ணும் பி டயர விட பத்து பவுண்டுக்கு மேல வெயிட்டு, மைலேஜ் அடிவாங்கும், வாரத்துல அஞ்சு நாள் காலியா ஆபீஸ் போற வண்டிக்கு அது தண்டனை. ஆனா சி கிடைக்கறது கஷ்டம், கடைல ஸ்டாக் இருக்குறதெல்லாம் ஈதான், அதனாலதான் அவரும் அதையே சொல்றாரு. ஈ போட்டாலும் தப்பில்ல, காத்த மட்டும் பாத்துக்கங்க, இழுக்கும்போது பின்னாடி 55லேர்ந்து 60, முன்னாடி 45 பக்கம், காலியா ஓடுறப்ப நாலுலயும் 45ன்னு ஆரம்பிங்க, அப்புறம் எடை போட்டுட்டு சரி பண்ணிக்கங்க. முன்னாடி பி பின்னாடி எல்டின்னு மட்டும் கலக்காதீங்க, நாலும் ஒரே ஜாதியா இருக்கணும், 4x4க்கு சுத்தளவும் ஒண்ணா இருக்கணும்.

எடை போடுறது பெரிய விஷயம் இல்ல. லவ்ஸ், பைலட் மாதிரி டிரக் ஸ்டாப்ல லாரிங்கள எடை போடுற கேட் (CAT) ஸ்கேல் இருக்கும், பதினஞ்சு டாலர் சுத்துல ஆகும். குதிரையோட, ஆளுங்களோட, சாமானோட ஏறுங்க, முன் ஆக்சில், பின் ஆக்சில், ட்ரெய்லர் ஆக்சில்னு மூணு நம்பர் அச்சடிச்சுக் குடுப்பாங்க. பின் ஆக்சில் நம்பர ரெண்டால வகுத்து, டயர் கம்பெனிங்க போட்டிருக்குற லோடு இன்ஃப்ளேஷன் அட்டவணைல அந்த சைஸுக்கு நேரா பாத்தா எத்தன பிஎஸ்ஐன்னு வந்துரும், அதுக்கு மேல ஒரு அஞ்சு சேத்து வைங்க. என் 60 ஒண்ணும் வேதம் இல்ல, என் வண்டி என் ட்ரெய்லர் கணக்கு. முதல் தடவை லாரிங்க நடுவுல நின்னு இன்டர்காம் பட்டன அமுக்க கூச்சமா இருக்கும், பரவால்ல.

காத்து ஏத்தணும்னா இன்னொரு சங்கதி. வால்வ். சாதாரணமா கடைல மாட்டுற ரப்பர் வால்வ், டிஆர்413ன்னு சொல்வாங்க, அதோட லிமிட்டே 65 பிஎஸ்ஐ. ஈ டயர் போட்டு 65க்கு மேல போறதா இருந்தா டிஆர்600ஹெச்பி இல்ல மெட்டல் வால்வ் கேளுங்க. நாலு டாலர் சமாச்சாரம், யாரும் தானா சொல்ல மாட்டாங்க. அதே மாதிரி ரிம்மோட உள்பக்கத்துல அதுக்கு எவ்வளவு லோடுன்னு அச்சுல போட்டிருப்பாங்க, டயர் மாத்தும்போது ஃபோட்டோ எடுத்து வச்சுக்கங்க.

டேஷ்போர்டுல டயர் லைட் வருமேன்னு நம்பாதீங்க. 2000ல ஃபயர்ஸ்டோன் டயரும் ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரரும் சேந்து பண்ண களேபரத்துக்கு அப்புறம் வந்த சட்டம் அது, அறுவத்தஞ்சு லட்சம் டயர திரும்ப வாங்குனாங்க அப்ப. ஆனா அந்த லைட் எரியுறது ஸ்டிக்கர் அளவுலேர்ந்து 25 பர்சன்ட் குறைஞ்சாதான். ஸ்டிக்கர்ல 35ன்னா 26 பக்கம். நீங்க 60 வச்சு ஓட்டுறீங்க, பஞ்சராகி 45, 40, 35, 30ன்னு இறங்குனாலும் வண்டி வாயத் திறக்காது, 26ல வந்து சொல்லும்போது டயர் செத்திருக்கும். ஃபோர்ஸ்கேன்னு ஒரு சாஃப்ட்வேர் வச்சு அந்த அளவ மாத்துறாங்க, தெரிஞ்சவங்க இருந்தா பண்ணிக்கங்க. இல்லையா, திரையிலயே ஒவ்வொரு டயரோட நம்பரும் காட்டுற மாடலா இருந்தா அதத் திறந்து வச்சுட்டு ஓட்டுங்க.

பட்டன் விஷயம். தார் ரோட்டுக்கு ஹைவே டயர், ரோடு மண்ணு ரெண்டுக்கும் ஆல் டெரெய்ன், சேத்துக்கு மட் டெரெய்ன்னு மூணு. மட் டெரெய்ன மறந்துருங்க, அந்த உயரமான கட்டைங்க சுமைல நெளியும், சூடாகும், ஊரே எழுந்திரிக்கிற மாதிரி சத்தம். மீதி ரெண்டுல என் கணக்கு இப்படி: நீங்க எங்க நிறுத்தப் போறீங்க? ஓட்டுறது 95 பர்சன்ட் தார் ரோடுதான், ஆனா மாட்டிக்கிறது அந்த மீதி அஞ்சுல. ஷோ நடக்குற இடத்துல பார்க்கிங்னா பல இடத்துல புல்லுத் தரைதான், முந்தின நாள் ராத்திரி மழை பெஞ்சா நம்ம கம்போன்னு சொல்ற கெட்டிக் களிமண் சப்பாத்தி மாவாட்டம் டயர்ல அப்பிக்கும், ஹைவே டயரோட காடியெல்லாம் அடைஞ்சு அஞ்சு நிமிஷத்துல மொட்டை டயர் ஆயிடும். ஆறாயிரம் பவுண்டு பின்னாடி வச்சுக்கிட்டு சக்கரம் சுத்துற அவமானத்த அனுபவிச்சாதான் தெரியும், டிராக்டர்காரர் வர்ற வரைக்கும் பின்னால அம்பது ட்ரெய்லர் வரிசைல நின்னு பாத்துக்கிட்டே இருக்கும். அதனால உங்களுக்கு ஆல் டெரெய்ன், அதுலயும் ரொம்ப முரட்டுத்தனமா இல்லாதது. பண்ணை, ஷோ ரெண்டுலயும் கல்லு கொட்டுன பார்க்கிங்னா ஹைவே டயரே போடுங்க, ஈர ரோட்டுல பிரேக்கும் சத்தமும் அதுல கண்டிப்பா நல்லாருக்கும்.

பிராண்டு கேட்டீங்கல்ல. ஹைவேன்னா மிஷலின் டிஃபெண்டர் எல்டிஎக்ஸ் எம்/எஸ், காசு ஜாஸ்தி, ஆனா தேயவே தேயாது, நான் இப்ப போட்டிருக்குறது அதான். கொஞ்சம் கம்மி வெலைல ஃபயர்ஸ்டோன் டிரான்ஸ்ஃபோர்ஸ், பண்ணைக்காரங்க வண்டில நிறைய பாப்பீங்க. ஆல் டெரெய்ன்னா ஃபால்கன் வைல்ட்பீக், டோயோ ஓப்பன் கன்ட்ரி ஏ/டி, பிஎஃப்குட்ரிச் கேஓ2 (இப்ப கேஓ3 வந்துருச்சு). கேஓ2 பாக்க ஜம்முனு இருக்கும், சைடு வால் கல்லு மாதிரி, ஆனா பட்டன் பாதி தேஞ்சப்புறம் ஈர ரோட்டுல எனக்கு அது பிடிக்கல, சில பேர் அடிச்சு சொல்வாங்க அதான் பெஸ்ட்னு, இருக்கட்டும். ஒண்ணு கவனிச்சுக்கங்க, பி டயர்ல ட்ரெட்வேர் 600, 700ன்னு நம்பர் இருக்கும், எல்டி டயர்ல அது இருக்காது, அந்த கிரேடிங் கார் டயருக்கு மட்டும்தான். கடைல அத வச்சு கம்பேர் பண்ணாங்கன்னா சிரிச்சுட்டு வந்துருங்க. ஒரே பேர்ல பி டயரும் எல்டி டயரும் வேற வேற இருக்கும், வாரன்டி மைலும் வேற, ஆர்டர் போடும்போது முன்னாடி அந்த எல்டிங்கற எழுத்து இருக்கான்னு ரெண்டு தடவை பாருங்க.

35 இன்ச் பெருசு போட்டா வண்டி கம்பீரமா இருக்கும்னு யாராவது உசுப்பேத்துவாங்க. வேணாம். டயர் உசந்தா கியர் ரேஷியோ கெட்டு இழுவை குறையும், ஹிட்ச் உசரும், ட்ரெய்லர் மூக்கத் தூக்கிக்கிட்டு அதோட பின் ஆக்சில்லயே பாரம் ஜாஸ்தியா உக்காரும். குதிரையும் மேட்டுல நிக்குற மாதிரி பூரா வழியும் நின்னுக்கிட்டே வரும், பாவம்.

நீங்க கேக்காதது ஒண்ணு, ஆனா நான் சொல்லியே ஆகணும். அந்த செகண்ட் ஹேண்ட் ட்ரெய்லரோட டயர். வண்டி டயரப் பத்தி மாசக்கணக்குல யோசிப்போம், ட்ரெய்லர் டயர எட்டிக் கூட பாக்க மாட்டோம். நானும் அப்படித்தான், 2019ல என் பழைய ட்ரெய்லர் வாங்குனப்ப பட்டன் புதுசு மாதிரி இருந்துச்சு, கறுப்பா மினுமினுன்னு எதையோ தடவி வச்சிருந்தாங்க. ஆகஸ்ட் மாசம், ஐ-10ல மேற்க பாத்து போறேன், ஷூலன்பர்க் தாண்டி, 65 மைல் வேகம், தகர ஷெட் மேல யாரோ கட்டையால அடிக்கிற மாதிரி சத்தம். கண்ணாடில பாத்தா இடது பின் டயரோட மேல்தோல் மட்டும் உரிஞ்சு பட்டையா சுத்திச் சுத்தி அடிக்குது, ஓரங்கட்டுறதுக்குள்ள மட்கார்ட பிச்சு, பிரேக் ஒயர அறுத்து எல்லாம் முடிஞ்சுது. உள்ள கருப்பி வேர்த்து நனைஞ்சு நிக்கிறா, காது பின்னால ஒட்டிக்கிச்சு. கிட்டப் போய் அந்தப் பட்டைய புரட்டி சைடு வால்ல டிஓடி நம்பரப் (டயர் எப்ப செஞ்சதுன்னு சொல்றது) படிக்கிறேன், கடைசி நாலு எழுத்து 2212. 2012ம் வருஷம் 22ம் வாரம் செஞ்ச டயர். ஏழு வருஷம் பழசு, ஓடுனது கம்மிங்கறதால பட்டன் மட்டும் புதுசு, உள்ள ரப்பர் காஞ்சு உதிருது.

ட்ரெய்லர் டயர் தேஞ்சு சாகறதில்ல, வயசாகித்தான் சாகுது. அஞ்சு வருஷம் ஆச்சா, பட்டன் எப்படி இருந்தாலும் தூக்கிப் போடுங்க. அதுக்கு எஸ்டின்னு (ஸ்பெஷல் ட்ரெய்லர்) ஆரம்பிக்கிற டயர்தான் போடணும், அத வண்டில போடக்கூடாது. உங்க ட்ரெய்லர் சைஸ் எஸ்டி 225/75 ஆர்15ஆ இருந்தா லோடு ரேஞ்ச் டி 65 பிஎஸ்ஐல 2,540, ஈ 80 பிஎஸ்ஐல 2,830 பவுண்டு. ட்ரெய்லர்ல எப்பவும் சைடு வால்ல போட்ட முழு காத்து, அங்க சொகுசுக்கு குறைக்கிற பேச்சே இல்ல, ரிம்மும் அந்த பிஎஸ்ஐ தாங்கணும். பழைய எஸ்டி டயர்ல வேற எதுவும் எழுதலைன்னா 65 மைல்தான் அதோட லிமிட், நம்ம ஊர்ல 85 மைல் போர்டு வச்ச 130 டோல் ரோடு இருக்குங்கறதுக்காக குதிரையோட அதுல பறக்க முடியாது. கலிஃபோர்னியால ட்ரெய்லர் இழுத்தாலே 55தான் சட்டம், அதுல ஒரு நியாயம் இருக்கு. நான் குட்இயர் எண்டூரன்ஸ் மாத்துனேன், நாலு வருஷம் ஒரு தொந்தரவும் இல்ல, இப்ப அதையும் மாத்தப் போறேன்.

அன்னிக்கு என்னக் காப்பாத்துனது புல்லுக்கட்டு ஏத்திட்டு வந்த ஒரு பெரியவர். நான் குதிரைய இறக்கிட்டு ஜாக் போடலாம்னு கதவத் திறக்கப் போனேன், "திறக்காதம்மா"ன்னு கத்துனாரு. ஹைவே ஓரத்துல குதிரைய இறக்கவே கூடாது, கயிறு நழுவுச்சுன்னா குதிரையும் போச்சு, எதிர்ல வர்ற காரும் போச்சு. அவர் வண்டிலேர்ந்து சரிவா ஒரு பிளாஸ்டிக் கட்டைய எடுத்தாரு, பஞ்சராகாத முன் சக்கரத்த அது மேல ஏத்தச் சொன்னாரு, ரெட்டை ஆக்சில்ங்கறதால பின் சக்கரம் தானா தரைய விட்டு எழுந்துக்கிச்சு, குதிரை உள்ளயே நிக்க பதினஞ்சு நிமிஷத்துல ஸ்டெப்னி மாட்டி அனுப்பிட்டாரு. ட்ரெய்லர் எய்டுங்கற பேர்ல விக்கிது அது, வாங்கி வைங்க. ஸ்டெப்னிக்கும் வயசு உண்டு, அதோட டிஓடியும் பாருங்க, காத்தும் பாருங்க. வண்டிக்கு அடில தொங்குற ஸ்டெப்னி பி டயரா இருக்கும், நாலும் எல்டி மாத்துனா அஞ்சாவதும் எல்டியா வாங்குங்க, காசு வலிக்கும், தெரியும். வீல் நட்டு ஸ்பேனர் வண்டிக்கு ஒரு சைஸ், ட்ரெய்லருக்கு இன்னொரு சைஸா இருக்கலாம், வீட்டு வாசல்லயே போட்டுப் பாத்துக்கங்க. புது டயர் மாட்டி அம்பது மைல் ஓடுனதும் நட்ட ஒரு தடவை டார்க் ரெஞ்ச் போட்டு முடுக்குங்க. யுஎஸ்ரைடர்னு குதிரை வச்சிருக்கவங்களுக்குன்னே ரோட்டோர உதவி திட்டம் இருக்கு, உங்ககிட்ட இருக்குற சாதாரண கார் திட்டம் ட்ரெய்லர தொடுமான்னு முதல்ல படிச்சுப் பாருங்க.

காத்து எப்பவும் காலைல, வண்டி எடுக்குறதுக்கு முன்னாடி, டயர் ஆறியிருக்கும்போது பாக்கணும். பத்து டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு சுமார் ரெண்டு பர்சன்ட் ஏறி இறங்கும், அக்டோபர்ல வச்ச 80 ஜனவரி குளிர்ல 72, 73 ஆயிருக்கும், ஓட்டை எதுவும் இல்லாமலே. ஊர்ல லாரி கிளம்புறதுக்கு முன்னாடி கிளீனர் பையன் ராடு எடுத்து ஒவ்வொரு டயரா தட்டிக்கிட்டே வருவான்ல, நங்குன்னு கேட்டா சரி, பொத்துன்னு கேட்டா காத்து இல்ல. இங்க டிரக் ஸ்டாப்ல அதுக்குன்னே கட்டை செஞ்சு விக்கிறான், என் வீட்டுக்காரர் ஒண்ணு வாங்கி வச்சிருக்காரு, ஆனா தட்டிப் பாத்தா 80க்கும் 60க்கும் வித்தியாசம் தெரியாது தம்பி, கேஜ் வாங்குங்க.

ட்ரெய்லர் மட்டும் எப்பவும் காத்தோட தயாரா நிக்கட்டும், ஷோ இருக்கோ இல்லையோ. குதிரைக்கு வயித்து வலி வந்தா ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் வரும், காலேஜ் ஸ்டேஷன்ல ஏ அண்ட் எம் பெரிய மிருக ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கிட்டு ஓடணும், அந்த நேரத்துல கம்ப்ரஸர தேடிக்கிட்டு நிக்க முடியாது. நான் ரெண்டு தடவை ஓடியிருக்கேன்.

இப்ப ஒண்ணு பண்ணுங்க, கதவு ஸ்டிக்கர் ரெண்டு, இப்ப இருக்குற டயரோட சைடு வால், ட்ரெய்லர் டயரோட டிஓடி, ட்ரெய்லர் மூக்குல இருக்குற எடைத் தகடு, இதெல்லாம் பாத்து நம்பர எழுதி அனுப்புங்க, சியா ஈயான்னு முடிவு பண்ணிடலாம். ட்ரெய்லர் டயர் செஞ்சு அஞ்சு வருஷம் தாண்டியிருந்தா அத இந்த வாரமே மாத்துங்க, வண்டி டயர் அடுத்த சம்பளத்துல மாத்திக்கலாம்.

அப்புறம் அந்த வெள்ளை எழுத்து. வெளிய தெரியுற மாதிரி போட்டாலும் உள்பக்கம் திருப்பிப் போட்டாலும் டயருக்கு ஒண்ணும் ஆகாது, அழகுக்குத்தான். பொண்ணுக்கு வெள்ளை வெளிய வேணும்னா மாட்டறதுக்கு முன்னாடியே கடைல சொல்லிடுங்க, மாட்டி பேலன்ஸிங் முடிஞ்சப்புறம் திருப்பச் சொன்னா மறுபடியும் காசு கேப்பாங்க, அந்தக் களிமண்ணுல ஒரு தடவை போயிட்டு வந்தா எழுத்து என்ன கலர்னு யாருக்கும் தெரியாதுங்கறது வேற விஷயம்.